குதிரைக்குப் பெயர் தம்பி!

வேட்டி கட்டிய குதிரை கைகூப்பி வணக்கம் சொல்லிற்று. அதற்குப் பெயர் தம்பி! 2022 ஜூலை 28 அன்று சென்னையிலே தொடக்கவிழா கண்டு, ஆகஸ்ட் 9 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியிலே ஆடப்பட்ட 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் சின்னம் அது. உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவிடமிருந்து கைமாறி வந்த போட்டியை, நான்கே திங்களில் ஏற்பாடு செய்து, 180க்கும் மேற்பட்ட நாட்டாரை வரவேற்று உபசரித்தது தமிழகம். செயற்கரிய செயல்தான், மறுப்பார் எவருமிலர். அரசு ஒதுக்கிய தொகை 92 கோடி ரூபாய்க்கு மேல்.

அந்த 92 கோடி எவருடைய பணம், தோழர்களே? கருங்கல்லைச் செதுக்கும் சிற்பியும், வலை இழுக்கும் மீனவனும், பாசிமணி விற்கும் நரிக்குறவனும் சோப்புக்குச் செலுத்திய வரியும் அதிலே சேர்ந்ததுதானே! அப்பணத்தில் எழுந்த அரங்கின் வாயிலிலே அவனிடம் கேட்ட கட்டணம் என்ன? இரண்டு மணி நேரம் காண 2,000 ரூபாய்! நாள் முழுதும் காண 3,000!

அந்த ஆண்டு, நூறு நாள் வேலைத் திட்டத்திலே தமிழகத்தாருக்கு நிர்ணயித்த நாட்கூலி 281 ரூபாய். ஏழு நாள் மண் வெட்டினால் 1,967. இரண்டு மணி நேரச் சீட்டுக்கு இன்னும் 33 ரூபாய் குறைகிறது!

சலுகை உண்டே என்பர். உண்டு: மாணவருக்கும் மகளிருக்கும் 200 ரூபாய். நன்று, வரவேற்கிறோம். அதே 200 ரூபாய் இன்னொருவருக்கும் உண்டு. அவர் யார் தெரியுமோ? அரசு ஊழியர்! திங்கள்தோறும் சம்பளம் வாங்குவோருக்கு 200. நாட்கூலிக்கு அலைபவனுக்கு 2,000. இது எந்தப் பள்ளியிலே கற்ற கணக்கு?

பூஞ்சேரி எப்படிப்பட்ட ஊர்? 2021இலே மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் அமரவிடாமல் விரட்டப்பட்டாளே ஒரு நரிக்குறவப் பெண், அவள் வாழும் ஊர்! நாடே அதைக் கேட்டுக் கொதித்தது. அறநிலையத்துறை அமைச்சர் அவளருகே அமர்ந்து உண்டார். நவம்பர் 4 அன்று முதலமைச்சரே அவ்வூருக்குச் சென்று, நரிக்குறவருக்கும் இருளருக்கும் மனைப்பட்டா வழங்கினார். பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம். ஆனால் அடுத்த ஆண்டே அதே ஊரில் விரித்த பந்தியிலே, பட்டா பெற்றவனுக்கு 2,000 ரூபாய் இலை! சாதி தடுத்தால் தீண்டாமை என்கிறோம். காசு தடுத்தால் நிர்வாகம் என்கிறோம்.

இடம் சிறிது, ஆட்டத்துக்கு அமைதி வேண்டும், கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேறு வழியில்லை என்பர். பணக்காரன் இருமினால் ஓசை கேளாதோ? இணையத்திலே இலவசமாகக் காணலாமே என்பாரும் உளர். அது போதுமென்றால், 2,000 கொடுத்து உள்ளே போனவர் எதற்காகப் போனார்? அவ்வாண்டு 16 வயதுக் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றானே, அந்த விரல்கள் காய் நகர்த்துவதை அருகிருந்து காணும் சிறுவனின் நெஞ்சிலே மூளும் கனல், கைப்பேசித் திரையிலே மூளுமா?

வழி இல்லாமலில்லை. விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்துக்கு 1924 முதல் குலுக்கல் முறையிலே சீட்டு வழங்குகிறார்கள். அவ்வளவு தொலைவும் போக வேண்டா. பழைய செங்கற்பட்டு மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை, குடவோலை என்று மேடைதோறும் பேசுகிறோமே! பராந்தக சோழன் காலத்து அந்தக் குடத்திலே நிலமுடையோர், வேதம் கற்றோர் பெயர்கள் மட்டுமே விழுந்தன. உழுதவன் பெயருக்கு ஓலையே இல்லை. அந்த வேலியை எறிந்துவிட்டுக் குடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பணத்தில் நடக்கும் எந்தப் பந்தயத்துக்கும் பாதி இருக்கைகளைக் குலுக்கலுக்கு விடுங்கள்; கட்டணம் 50 ரூபாயைத் தாண்ட வேண்டா. பந்தயம் நடக்கும் ஊரின் குடும்பங்களுக்கெனத் தனியே ஒரு பங்கு வையுங்கள். விண்ணப்பத்தை இணையத்தில் மட்டும் வாங்காது, ரேஷன் கடையிலும் வாங்குங்கள். அரசு ஊழியர் மீதிப் பாதியிலே, முழு விலை கொடுத்துக் காணட்டும்.