எதிரியின் மரம்

ஐந்திணைதான் உலகின் முதல் சூழலியல் என்று நம் பேராசிரியர்கள் சொல்லத் தொடங்கிச் சில காலமாகிறது. சமீபத்தில் விருத்தாசலத்தில் ஒரு கருத்தரங்கில் மறுபடியும் கேட்க நேர்ந்தது. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை என்று பகுத்து ஒவ்வொன்றுக்கும் பூவும் பறவையும் நீரும் சொல்லிவைத்த இனம் இயற்கைக்குத் தீங்கு நினைத்திருக்கவே முடியாதாம். காவல் மரம் வைத்து வணங்கிய இனமாம். கைதட்டினார்கள். நான் பெண்ணாடத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்ததால் எழுந்து எதுவும் கேட்கவில்லை. அப்போது கேட்காததை இங்கே கேட்கிறேன்.

முதலாவதாக, இது அகத்தை மட்டும் திறந்து, புறத்தை மூடிவைத்த படிப்பு. தொல்காப்பியர் திணை வகுத்தது காதலுக்கு மட்டுமல்ல. குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி, மருதத்துக்கு உழிஞை, நெய்தலுக்குத் தும்பை, பாலைக்கு வாகை என்று ஒவ்வொரு நிலத்தின் முதுகிலும் ஒரு போரை எழுதிவைத்திருக்கிறார். தலைவி காத்திருக்கும் அதே முல்லைக்குப் புறனாகத்தான் படை புறப்படும் வஞ்சி வருகிறது. எரி பரந்தெடுத்தல் அதில் ஒரு துறை. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் ஒழுங்காக உழபுலவஞ்சி, மழபுலவஞ்சி என்று பிரித்துப் பெயர் வைக்கிறது. ஒன்று பகைவர் நாட்டைக் கொளுத்துவது. மற்றது கொள்ளையடிப்பது. ஒரு சமூகம் எதற்கு இலக்கணம் எழுதுகிறதோ அது அந்தச் சமூகத்தின் பழக்கம். இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று மேடையில் பேசுகிறவர் இந்த இலக்கணத்தை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்?

பாட்டுகளுக்கு வருவோம். புறநானூற்றின் 15-ஆம் பாட்டில் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பகைவர் தெருக்களில் கழுதை பூட்டி உழுகிறான். விளைந்த வயலில் தேரை ஓட்டுகிறான். காவலுள்ள குளங்களில் யானையை இறக்குகிறான். அடுத்த பாட்டில் பெருநற்கிள்ளி பகைவர் வீட்டு மரத்தை விறகாக்குகிறான். ஏரிக்கும் வயலுக்கும் இவர்கள் செய்ததெல்லாம் தற்செயலாக நேர்ந்த சேதம் அல்ல. நீர்நிலையைக் கெடுத்தால் அடுத்த வருஷமும் எதிரி எழமாட்டான் என்ற கணக்குத் தெரிந்து செய்தது. புலவர் அதைப் புகழாகப் பாடிப் பரிசு வாங்கினார்.

இது வெறும் கவி மிகை என்று பண்டிதர் சொல்வார். மிகை என்றே வைத்துக்கொள்வோம். எதை மிகைப்படுத்திச் சொன்னால் அரசன் மகிழ்வான் என்பது புலவருக்குத் தெரிந்திருந்தது. என் வாதத்துக்கு அது போதும்.

இனி அந்தக் காவல் மரம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து பகைவரின் கடம்பை வெட்டி அதில் முரசு செய்துகொண்டான். திதியனின் புன்னையை அன்னி வெட்டினான். மோகூர்ப் பழையனின் வேம்பைச் செங்குட்டுவன் வெட்டினான். அந்த அடிமரத்தை இழுக்க யானைகளைப் பூட்டிய கயிறு பகைவர் பெண்டிரின் கூந்தலைத் திரித்தது என்கிறது பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம். மரமும் பெண்ணும் ஒரே வரிசையில், வென்றவனின் சரக்காக.

நன்னனின் மாமரம் இன்னும் மோசம். ஆற்றில் மிதந்து வந்த அதன் காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணை அவன் கொன்றான். எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொன்பாவையும் தருகிறோம் என்றும் கேட்கவில்லை என்று குறுந்தொகையில் பரணர் சொல்கிறார். பிறகு கோசர் அந்த மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். இந்தக் கதையில் இயற்கை வழிபாடு எங்கே இருக்கிறது? அந்த மரம் நன்னனின் அதிகாரம். அதனால் அதைக் காத்தான். அதே காரணத்துக்காகத்தான் மற்றவர்கள் வெட்டினார்கள். பெயரில்லாத ஒரு காட்டு மரத்தை வெட்ட யாரும் படையெடுத்துப் போனதாகப் பாட்டில்லை. புனிதம் மரத்துக்குக் காவல் என்று நினைக்கிறோம். போர் என்று வந்தால் அது எதிரிக்கு நாம் எழுதிக்கொடுக்கும் விலாசம்.

ஆயிரம் வருஷம் தள்ளி வந்தாலும் மாற்றமில்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தினான். குவளையும் நீலமும் அழகிழந்ததையும், வாவியும் ஆறும் நலம் கெட்டதையும், கழுதையால் உழுது கவடி விதைத்ததையும் அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. ஒரே ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டானாம். பட்டினப்பாலை பாடியதற்காகக் கரிகாலன் கொடுத்த மண்டபம் அது என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு சொல்கிறது. தமிழாசிரியர்கள் இதைச் சொல்லும்போது கண் கலங்குகிறார்கள். தமிழுக்கு என்ன மரியாதை! கவிதை பிழைத்தது, ஆறு பிழைக்கவில்லை. நம் இலக்கிய ரசனையின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு விதிவிலக்கைச் சொல்லாவிட்டால் நானும் பாதிப் படிப்புக்காரன்தான். புறநானூறு 57. காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனிடம் பேசுகிறார். வயலைக் கொள்ளையிடு, ஊரை எரி, வேலால் கொல் என்று எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கடிமரத்தை மட்டும் வெட்டாதே என்கிறார். காரணம்? உன் உயர்ந்த யானைகளைக் கட்ட அவை தாங்காது. சிரிப்பு வரவழைக்கும் காரணம் இது. அரசனிடம் நேராகக் கேட்க முடியாததை அவனுடைய யானையின் சௌகரியமாக மாற்றிக் கேட்கிறார். பழையவர்கள் இதைத் துணைவஞ்சி என்று துறை குறித்தார்கள், அதாவது சமாதானம் சொல்வது. விவிலியத்தின் உபாகமம் 20-ஆம் அதிகாரமும் முற்றுகையின்போது கனிமரங்களை வெட்டாதே என்கிறது. அங்கே அது சட்டம், இங்கே ஒரு தனி மனிதனின் தந்திரம். இரண்டிலும் மரத்துக்காகப் பயன்பாட்டைச் சாக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆனாலும் காரிக்கண்ணனார் கேட்பது தன் ஊர் மரத்துக்காக அல்ல, தன் அரசனின் எதிரியுடைய மரத்துக்காக. தமிழில் சூழலியல் என்று ஒன்று உண்டென்றால் அது ஐந்திணைப் பட்டியலில் இல்லை, இந்த மன்றாட்டில் இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்துப் பனை. 2009-க்குப் பிறகு வடக்கே போய்வந்தவர்கள் எல்லோரும் ஏ-9 சாலையோரத்தின் தலையற்ற பனைகளைப் பற்றி எழுதினார்கள். குண்டில் தலை போனால் பனைக்கு மறுதளிர் கிடையாது. அதற்கு ஒரே குருத்துத்தான். விழுந்தவற்றைவிட வெட்டப்பட்டவை வேறு கணக்கு. ராணுவம் காவலரணுக்கு வெட்டியது. புலிகளும் வெட்டினார்கள். ஷெல்லுக்குப் பயந்த ஜனங்களும் பதுங்குகுழியின் மேல் அடுக்க வெட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1981-இல் யாழ் நூலகம் எரிந்தபோது நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ எழுதினார். எழுதவேண்டியதுதான். ஆனால் பனைக்காக இங்கே எழுதப்பட்ட கவிதைகளில் பெரும்பாலானவற்றில் கோடரி ஒரே கையில்தான் இருக்கிறது. நம் கை வெட்டிய பனை தியாகம், அவன் கை வெட்டிய பனை கொலை. கண்ணிவெடியும் அப்படியே. முகமாலை மண்ணில் புதைத்தவர்கள் இரு தரப்பும்தான். போர் முடிந்து பல வருஷங்கள் அங்கே மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டியவர்களுக்கு, அகப்பட்ட மிதிவெடி யாருடையது என்பது ஒரு பொருட்டே இல்லை.

போர் வன்னிக் காட்டைக் காப்பாற்றியது என்றும் ஒரு வாதம் உண்டு. கொரியாவில் 1953-இல் வகுத்த, நாலு கிலோமீட்டர் அகலப் படைவிலக்கப் பகுதியில் கொக்குகள் பெருகியதையும் காட்டுவார்கள். மனிதன் கால்வைக்கப் பயந்த இடத்தில் மரம் வளரும் என்பது உண்மைதான். ஆனால் அது மனிதனுக்குக் கிடைத்த அவமானம். அதைக் கொள்கையாக்கக் கூடாது.

தூரத்து உதாரணம் சொல்வது சுலபம். எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1987 செப்டம்பரில் ஒரு வாரம் வன்னியர் சங்கத்தின் சாலை மறியல் நடந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். உயிர்ப்பலி நிகழ்ந்தது. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். மரம் வெட்டியது நியாயமல்ல என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் இரண்டு பக்கமும் பகை. அதைச் செய்தவர்களுக்கு ‘மரம்வெட்டிகள்’ என்று பெயர் வைத்தவர்கள், பிறகு நாற்கரச் சாலை போட அரசாங்கம் அதே புளியமரங்களை வேரோடு சாய்த்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்கு மரத்தின் மேல் அக்கறை இருந்ததில்லை. வெட்டியவன் மேல் இருந்த வெறுப்புக்கு மரம் ஒரு சாக்கு.

கடைசியாக ஒன்று. ஊர் பேரைச் சொல்லமாட்டேன். வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம்தான். திருவிழாவில் இரண்டு தெருக்களுக்குச் சண்டை. சில நாள் கழித்து ஒரு தெருவின் அம்மன் வேம்பை யாரோ ராத்திரியில் இடுப்பளவில் வளையமாகப் பட்டை உரித்துவிட்டுப் போயிருந்தார்கள். இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். வளையம் விழுந்தால் மேலே பச்சையாக நின்றபடியே மரம் மாதக்கணக்கில் சாகும். பூசாரி சொன்னார்: “ஒரேயடியா வெட்டிப் போட்டிருந்தா ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்போம் சார். இது தெனமும் கொல்லுது.” வெட்டியவனுக்கு அது தெய்வம் என்று தெரியும். தெரிந்ததால்தான் அதைத் தேர்ந்தெடுத்தான்.

எதிர்த் தெருவில் விவசாயப் படிப்பு படித்த பையன் ஒருவன் இருக்கிறான். எங்கள் வங்கிக்கு வருவான். அதே மரத்தின் குச்சிகளை வெட்டி, உரித்த வளையத்துக்கு மேலும் கீழுமாகப் பட்டைக்குள் செருகி ஒட்டுக் கட்டினால் மரம் பிழைக்கக்கூடும், சீக்கிரம் செய்யவேண்டும் என்று கவுன்ட்டரில் நின்று சொன்னான். “நீயே போய்ச் சொல்லேன்” என்றேன். “நான் கத்தியோட அந்த மரத்துகிட்ட போனா உசுரோட திரும்புவனா சார்?” என்றான்.

இரண்டு தெருக்களின் கோயில் கணக்கும் என் கவுன்ட்டரில்தான். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்களே, ஏன் வம்பு என்று இருந்துவிட்டேன். வேம்பு அந்த வருஷமே பட்டுப்போயிற்று. காரிக்கண்ணனாருக்கு யானை என்ற சாக்காவது கிடைத்தது. அதுபோல ஒரு பொய்யைக்கூட நான் யோசிக்கவில்லை. கருத்தரங்கில் கைதட்டியவர்களைவிட நான் மேல் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை.