திண்ணைப் பேச்சு: ‘அரட்டை’யில் சேர்வதா, வேண்டாவா?

வாட்ஸப்பில் இருக்கும் நம் சங்கக் குழுவை ‘அரட்டை’க்கு மாற்றிவிடலாகாதா என்று அன்பர் பலர் நம்மை வினவுகின்றனர். தமிழ்ப் பெயர், சென்னையிலுள்ள ஸோஹோ நிறுவனத்தின் ஆக்கம், பின் அந்நியர் சரக்கு எதற்கு என்பது அவர்தம் வாதம். பெயரைக் கேட்டதும் நமக்கும் உவகை பிறந்ததுண்டு. வடநாட்டார் நாவில் அச்சொல் படும் பாட்டைக் கேட்பதே ஒரு வேடிக்கை! ஆயினும் பெயருக்காக வீடு மாறுவோர் இலர்.

முன்னர் நாம் குடிபுகுந்த வீடுகள் என்னவாயின? 2004-இல் தோன்றிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. 2011-இல் வந்த கூகுள் பிளஸ் 2019-இல் பொதுமக்களுக்குக் கதவடைத்தது. உள்நாட்டுச் சரக்காகிய ஹைக் 2021-லும், கூ 2024-லும் கடை கட்டின. சுதேசி என்பதனாலும் ஆயுள் நீளவில்லை; விதேசி என்பதனாலும் நீளவில்லை. ஆர்குட்டில் இட்ட விழாப் படங்களைக் கெடுவுக்குள் எடுத்து வைத்தோர் வீட்டில் மட்டுமே அவை எஞ்சின.

அரட்டை 2021-இல் வெளிவந்தது; 2025 செப்டம்பரில்தான் நாடறிந்தது. அனுப்பியவரும் பெற்றவரும் அன்றி மூன்றாமவர் படிக்கவொண்ணாத காப்பு, அவ்வேளையில் அதன் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை; வாட்ஸப்பில் 2016 முதலே உண்டு. சேர விரும்புவோர் இதனை முதலில் பார்த்துக் கொள்வது நலம்.

மெய்யான இடர்ப்பாடு வேறு. மீட்டர்கேஜ் பாதை முடிந்து அகலப்பாதை தொடங்கும் ஜங்ஷன்களில், முற்காலத்தில், சரக்கு முழுவதையும் இறக்கி மறுவண்டியில் ஏற்றவேண்டியிருந்தது. செய்திச் செயலிகளின் நிலையும் அதுவே. யூ.பி.ஐ. வழியே எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகிறது, மின்னஞ்சலும் அவ்வாறே. வாட்ஸப்பிலிருந்து அரட்டைக்கோ ஒரு வரியும் செல்லாது. இச்சேவைகளும் யூ.பி.ஐ. போல ஒன்றோடொன்று இணைதல் வேண்டும் என்று ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025-இல் கூறியது நமக்கு முற்றும் உடன்பாடு.

அது நிகழும்வரை, அங்கத்தினர் பாதி இங்கும் பாதி அங்குமாகப் பிரிந்தால் என்ன ஆகும்? நள்ளிரவில் ஒரு குடும்பத்தில் துக்கம் நேர்கிறது. அல்லது மருத்துவமனையில் உடனே இரத்தம் வேண்டியிருக்கிறது. செய்தி பாதிப் பேருக்கே எட்டும். விடுபடுவோர் யார்? பேரன் விடுமுறைக்கு வந்தபோது கைப்பேசியில் அமைத்துக் கொடுத்த ஒரே செயலியோடு நிற்கும் முதியோர். மொழி தெரியாத ஊரில், பகலெல்லாம் தனித்திருப்போரும் அவர்களே.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: விரும்பும் அன்பர் தம் உற்றாரோடு அரட்டையில் சேர்க, தடையில்லை. சங்க அறிவிப்புகள் மட்டும் இப்போதுள்ள குழுவிலேயே வரட்டும். இரண்டிலும் போடலாமே என்பர் இளைஞர். இரண்டிடத்தும் வரும் பதில்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்பவர் யாரென்று அவர்களே முன்வந்து சொல்லட்டும்.

இதனினும் அவசரமான காரியம் ஒன்றுண்டு. முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய அங்கத்தினர் பட்டியலை அச்சிட்டு வீடுதோறும் வழங்குதல் வேண்டும். பழைய பட்டியலில் பிழைகள் மலிந்துவிட்டன. வீடு மாறியோரும் எண் மாறியோரும் அடுத்த இதழ் வெளிவருமுன் செயலாளருக்கு ஒரு வரி எழுதியனுப்ப வேண்டுகிறோம்.