தாய்ப்பலகை: எதை நம்பி வாங்குவது?

1972ஆம் ஆண்டு, வயல்வெளியாகக் கிடந்த பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் தொழிற்சாலைகளைத் திறந்தன. உலகக் கணினிகளுக்குரிய சில்லுகளைப் பொருத்திச் சோதித்து அனுப்பும் இடமாகப் பினாங்கு அன்றிலிருந்து வளர்ந்து வந்துள்ளது. ஆனால், இதே தீவின் இளையோர் சொந்தமாகக் கணினி கட்டமைக்க முனையும்போது, எந்தச் செயலி என்பதைத்தான் முதலில் கேட்கின்றனர். அடுத்து, விளையாட்டுகளுக்கேற்ற வரைகலை அட்டை. இவற்றுக்கெல்லாம் செலவு செய்த பின் கையில் மீந்திருக்கும் பணத்துக்கு ஏதோவொரு தாய்ப்பலகை. இந்த வரிசை தவறானது.

செயலி, நினைவகம், சேமிப்பகம் என எல்லா உறுப்புகளும் தாய்ப்பலகையின்மீதுதான் அமர்ந்திருக்கின்றன. மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரத்தைச் செயலி தாங்கக்கூடிய ஏறக்குறைய 1 வோல்ட் அளவுக்குக் குறைத்து, ஏற்ற இறக்கமின்றித் தருவதும் தாய்ப்பலகையே. நினைவகம் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். தாய்ப்பலகை பழுதானால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பழுதானால், பழைய செயலிக்குப் பொருந்தும் பலகை கடைகளில் கிடைக்காமலும் போகலாம். அப்போது நல்ல நிலையில் இருக்கும் செயலியும் பயனற்றதாகிவிடும். குடும்பத்தார் பல மாதம் சேமித்த பணம் இப்படி வீணாகக்கூடும்.

பலகையின் ஆயுளை முடிவு செய்வதில் வெப்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகெங்கும் ஏராளமான தாய்ப்பலகைகள் ஓரிரு ஆண்டுகளிலேயே செயலிழந்தன. அவற்றில் பொருத்தப்பட்டிருந்த சிறு உருளை வடிவ மின்தேக்கிகளின் தலைப்பகுதி உப்பி, பழுப்பு நிறத் திரவம் கசிந்தது. உள்ளே இருந்த மின்பகுளித் திரவம் தரம் குறைந்திருந்ததால் வாயு உண்டாகி, உறையை வெடிக்கச் செய்ததே காரணம். டெல் நிறுவனம் இச்சிக்கலைச் சமாளிக்க 2005ஆம் ஆண்டில் 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க வேண்டியதாயிற்று. சில சென் மட்டுமே பெறுமான உறுப்பு, கணினி முழுவதையும் முடக்கிவிட்டது.

இன்று பெரும்பாலான பலகைகளில் திரவமற்ற திண்ம மின்தேக்கிகள் வந்துவிட்டன. எனினும், மின்தேக்கிகளை வெப்பம் எப்படித் தேய்க்கிறது என்பதை மாணவர் அறிந்திருப்பது நல்லது. திரவ மின்தேக்கி ஒன்று 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று குறிக்கப்பட்டிருந்தால், வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியியலாளர்களின் கணக்கு. அதன்படி, 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம் தாங்கும். நாளுக்கு 8 மணி நேரம் பயன்படுத்தினால் ஏறக்குறைய 11 ஆண்டுகள். அதே மின்தேக்கி 85 டிகிரியில் இயங்கினால் மூன்று ஆண்டுகூடத் தாங்காது.

ஜார்ஜ் டவுனில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. குளிர்சாதனம் இல்லாத அறையில், சுவரோடு ஒட்டி வைக்கப்பட்ட பெட்டிக்குள் வெப்பம் இன்னும் கூடும். ஆகவே, செயலியைச் சுற்றியுள்ள மின்சீரமைப்புப் பகுதியின்மீது கனமான உலோக வெப்பத்தணிப்பான் பொருத்தப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நம் நாட்டில் இன்றியமையாதது. சில பலகைகளில் அவ்விடத்தை அலங்கார நெகிழி மூடி மறைத்திருக்கும். வண்ண விளக்குகளும் மின்னும். விளக்கு வெப்பத்தைத் தணிப்பதில்லை.

தாய்ப்பலகை கணினியின் வேகத்தைக் கூட்டாது, அதற்கு ஏன் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று வாதிடுவோர் உளர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், மிகுந்த மின்சாரம் இழுக்கும் செயலியை மலிவான பலகையில் பொருத்தினால், மின்சீரமைப்புப் பகுதி சூடேறி, செயலியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள நேரிடும். செயலிக்குக் கொடுத்த பணம் அப்போது எங்கே போயிற்று? அதற்காக விலை மிகுந்த பலகையைத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. அவற்றின் விலையில் பெரும்பகுதி, மாணவர் ஒருபோதும் பயன்படுத்தாத கூடுதல் செருகுவாய்களுக்கே போகிறது. நடுத்தர விலைப் பலகையே பெரும்பாலோருக்குப் போதும்.

நிறுவனத்தின் புகழை மட்டும் நம்புவதும் சரியன்று. 2011 ஜனவரி 31ஆம் நாள், தன் புதிய தாய்ப்பலகைச் சில்லுத்தொகுதியில் வடிவமைப்புப் பிழை இருப்பதாக இன்டெல் அறிவித்தது. வன்தட்டை இணைக்கும் சில துறைகள் காலப்போக்கில் நலிவடையக்கூடும் என்பதே பிழை. நிறுவனம் உடனே விநியோகத்தை நிறுத்தியது. பழுதுபார்ப்புக்கும் மாற்றித் தருவதற்கும் ஏறக்குறைய 70 கோடி டாலர் செலவாகும் என மதிப்பிட்டது. 2024ஆம் ஆண்டில் அதன் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பழுதாயின. நிறுவனம் அவற்றின் உத்தரவாதத்தை மேலும் ஈராண்டுகள் நீட்டித்தது. அதன் திருத்தமோ தாய்ப்பலகையின் ‘பயாஸ்’ எனும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிப்பதன் வழியாகவே பயனீட்டாளரைச் சென்றடைந்தது. ஏற்கெனவே சிதைந்த செயலியை அத்திருத்தம் மீட்காது. ஆகவே, பலகை நிறுவனம் திருத்தத்தை விரைந்து வெளியிட்டதா, உரியவர் அதை நிறுவினாரா என்பதைப் பொறுத்தே மற்றச் செயலிகள் தப்பின.

பெரிய நிறுவனமும் பிழை செய்யும். பிழைக்குப் பின் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே பார்க்கத் தக்கது. இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பலகை நிறுவனத்தின் அகப்பக்கத்தில், நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த பலகை ஒன்றைத் தேடி, அதற்குக் கடைசியாக எப்போது பயாஸ் புதுப்பிப்பு தரப்பட்டது என்று பார்க்க வேண்டும். பழைய பலகையை ஓராண்டிலேயே கைவிட்ட நிறுவனம் புதியதையும் அவ்வாறே கைவிடக்கூடும். ஐந்து நிமிட வேலைதான். விளக்குகளின் நிறத்தை ஆராய ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவோர்கூட இதைச் செய்வதில்லை.

அடுத்தது உத்தரவாதம். இணையத்தில் சற்று மலிவாகக் கிடைக்கும் பலகைகள் சிலவற்றுக்கு உள்நாட்டு உத்தரவாதம் இருப்பதில்லை. பழுதானால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அஞ்சல் செலவிலேயே மிச்சப்படுத்திய பணம் கரைந்துவிடும். கொம்தார் வட்டாரக் கடையொன்றில் வாங்கினால், பலகையைக் கையோடு எடுத்துச் சென்று முறையிடலாம். சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் இது தகும். ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் அதை உடனே படமெடுத்து வைப்பது நலம். கடைக்காரர் மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிட வழியுண்டு. அறிவுரை தரப் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இருக்கிறது.

ஆனால், செயலி அமரும் குழியில் உள்ள மெல்லிய ஊசிகள் வளைந்திருந்தால், வாங்கியவரே வளைத்துவிட்டார் என்று கூறி உத்தரவாதத்தை மறுப்பது வழக்கம். ஆகவே, பணம் செலுத்துமுன் கடைக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து, குழியின் மூடியை உயர்த்தி, ஊசிகள் எல்லாம் நேராக உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.