காலாண்டுக் கோடும் காலபோகமும்

வீட்டுத்திட்டம், கிணறு திருத்தம், வாழ்வாதார உதவி என எது கிராமத்துக்கு வந்தாலும் அதனுடன் ஒரு கோட்டுப்படத் தாளும் வருகின்றது. இடப்பக்கத்தில் வேலைகளின் பெயர்கள். வலப்பக்கத்தில் அவை தொடங்கி முடியும் காலத்தைக் காட்டும் பட்டைகள். ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன் பரப்பிய முறை இது. இன்று மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் போன்ற கணினி மென்பொருளில் வரைகின்றனர். நாம் பட்டைகளைப் பார்க்கின்றோம்; அவற்றுக்கு மேலே ஓடும் கால அளவுகோலைக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

அந்த அளவுகோல் பெரும்பாலும் காலாண்டுகளாகவே இருக்கும். இலங்கை அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகின்றது. இந்திய அரசினுடையது ஏப்ரலில். ஆகவே 'முதலாம் காலாண்டு' என்றால் எவருடைய ஆண்டு என்று கேட்க வேண்டியிருக்கின்றது. எமது ஆண்டோ புரட்டாதிப் புழுதி விதைப்போடு தொடங்குகின்றது. இந்திய வீட்டுத்திட்டத்தில் பயனாளிகளே வீடு கட்டும் பெரிய கட்டம் 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தி பிறந்த நாளில், ஆரம்பித்து வைக்கப்பட்டது. நல்ல நாள்தான், ஆனால் வன்னியில் அது வயலில் நிற்க வேண்டிய நாள். வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டது. இப்படியான திட்டத்தில் அத்திவாரம் எந்த வாரத்தில் முடிகின்றது என்பதில் அடுத்த தவணை தங்கியிருக்கின்றது.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே பெட்டியாகக் காட்டினால், விதைப்பும் வடகீழ்ப் பருவமழையும், மணல் ஏற்றிய உழவு இயந்திரம் புதையும் ஒழுங்கையும் அதற்குள் மறைந்துபோகின்றன. பிஜி 300 மூன்று மாத நெல். அதன் முழு வயதும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். விதைநெல் இரண்டு வாரம் பிந்தினால் மழைக்குமுன் விதைக்கும் வாய்ப்புப் போய்விடும். காலாண்டுப் படத்தில் பட்டை அசைந்ததே தெரியாது. இடம்பெயர்ந்து வந்து நெளுக்குளத்தில் குடியிருந்து, வயலை வேறிடத்தில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது இரட்டிப்புச் சுமை. கொத்தனாருக்குக் கைகொடுப்பதும் வரம்பு கட்டுவதும் அதே இரண்டு கைகள்தான்.

இந்த அளவுகோலை மாற்றச் சில நிமிடங்கள் போதும். அந்த மென்பொருளில் மூன்று அடுக்கு அளவுகோல் வைக்கலாம்: மேலே ஆண்டு, நடுவில் மாதம், கீழே வாரம். மாதத்தை மூன்றாகப் பிரிக்கவும் இடமுண்டு. மழையைக் கணக்கிட அதுவே எமக்குப் பிடித்தது. நிதியாண்டு தொடங்கும் மாதத்தை ஒக்டோபர் என மாற்றலாம். ஐப்பசி, கார்த்திகை என்ற பெயர்களை அச்சிட்ட தாளில் கையால் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் ஏமாறக் கூடாது. அளவுகோலை மாற்றுவதால் வேலையின் திகதி மாறாது. பார்வை மட்டுமே மாறும். விதைப்பு நாட்களும் அரிவுவெட்டு நாட்களும் மென்பொருளின் நாட்காட்டியில் வேலையில்லா நாட்களாகப் பதியப்பட வேண்டும். அப்போதுதான் அத்திவாரப் பட்டை அவற்றைத் தாண்டிப் போய் நிற்கும். இதைச் செய்யாமல் வாரக்கோடு மட்டும் போட்டுத் தருவது அலங்காரம்.

குளத்தடிப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், தண்ணீர் நிறுத்தும் நாள் எனக் கமக்காரர் தீர்மானிக்கின்றனர். காண்ட் வரைபடத்துக்கு வேண்டிய விவரம் அந்தக் கூட்டக் குறிப்பிலேயே இருக்கின்றது. அதில் ஒரு பிரதியை எடுத்துச் சென்று, திட்டத் தாளில் கையொப்பம் இடுமுன் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். வாரக்கோட்டோடு மறுபடி அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள்.