ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

"செய்யும் வேலையே செபம்." சேர்வராயன் மலையில் நடக்கும் தியானக் கூட்டங்களில் இந்தப் பேச்சை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். பேச்சு முடிந்ததும் சாப்பாட்டு மணி அடிக்கும். நூறு பேர் சாப்பிட்ட தட்டுகளைப் பின்கட்டில் உட்கார்ந்து கழுவுகிற அக்காக்களிடம், "உங்கள் வேலையும் செபம்தானா?" என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "அதற்கு முதலில் ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுங்கள்" என்றுதான் அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஏற்காடு ஓய்வை விற்கிற ஊர். சனி, ஞாயிறு என்றால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டி ஏறும். வருகிறவர்களின் ஓய்வுக்காக அறை பெருக்குவதும், படுக்கை விரிப்பு துவைப்பதும், கழிப்பறை கழுவுவதும் இங்கே இருக்கும் நம் ஆட்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தோட்டங்களில் காடு திருத்தி, குழி வெட்டி, பழம் பறித்த மலையாளிப் பழங்குடியினர் பெயரோ, சமவெளியிலிருந்து ஏறிவந்த தலித் குடும்பங்களின் பெயரோ எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு மாக்ஸ் வெபரைத் தெரிந்திருக்கும். அன்றாடத் தொழிலே இறைவனின் அழைப்பு என்று சீர்திருத்தக் கிறித்தவம் போதித்தது என்றார் அவர். ஐரோப்பாவின் செருப்புத் தைப்பவருக்கு அது மரியாதை தந்திருக்கலாம், தான் குருவானவருக்குக் குறைந்தவன் இல்லை என்று அவர் நிமிர்ந்திருக்கலாம். அதே போதனை நம் ஊருக்குள் வரும்போது என்ன ஆகிறது? "கடவுள் உன்னை எந்த வேலையில் வைத்தாரோ அதை உண்மையாகச் செய்." இது அங்கி போட்டுக்கொண்ட வருண தருமம். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குவது என்று 1936-லேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். மலக்குழியில் இறங்குகிறவரை அங்கே அனுப்பியது கடவுளா, சாதியா?

திருச்சபை இதற்கு வெளியே இல்லை. கல்லறைக் குழி வெட்டுவது யார், கோயில் வளாகம் பெருக்குவது யார் என்று பாருங்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது.

விவிலியத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை முழுதாகப் படிக்கச் சொல்கிறோம். ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. விடுதலைப் பயண நூலில், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு என்று வருகிறது. இணைச் சட்ட நூலில் காரணம் வேறு: எகிப்தில் நீ அடிமையாக இருந்தாய், அதனால் உன் வேலைக்காரரும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்வெடுக்க வேண்டும். வைக்கோல் தராமல் அதே கணக்குக்குச் செங்கல் கேட்ட பார்வோனுக்கு எதிரான சட்டம் இது. அதாவது, ஓய்வு வேலைக்காரரின் உரிமை. முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை இல்லை.

இந்த உரிமைக்கு நம் தமிழ் மண்ணிலேயே வரலாறு உண்டு. இன்று சபைகளில் 'ஊழியம்' என்றால் இறைப்பணி. அன்றைய திருவிதாங்கூரில், இப்போதைய குமரி மாவட்டப் பகுதியிலும், 'ஊழியம்' என்றால் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை. கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறித்தவர்களான ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஞாயிறு ஊழியத்திலிருந்து விலக்கு கிடைத்தது. ஆதிக்கச் சாதியினர் அதை வெறும் பக்தியாகப் பார்க்கவில்லை. தோள்சீலைக் கலவரக் காலத்தில், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுத்ததும் அவர்களின் ஆத்திரத்துக்கு ஒரு காரணம். ஒரு நாள் வேலைக்கு வராமல் இருப்பது சாதிக்கு எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. நம் சபைகளுக்குத்தான் மறந்துவிட்டது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வாரம் 54 மணி நேரம் என்ற வரம்பும் வாராந்திர ஓய்வும் வந்தன. ஆனால் 2025-இல் அந்தச் சட்டம் விலக்கப்படும்போதும், 5 ஹெக்டேர் நிலமும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் ஒரு தோட்டம் அதற்குள் வந்தது. சின்னத் தோட்டத்து ஆட்களும், விடுதியில் தினக்கூலிக்குப் போகிறவர்களும் வெளியே நின்றார்கள். அன்றாடக் கூலிக்கு ஓய்வு நாள் என்றால் அடுப்பு எரியாத நாள். பெண்களுக்கு அதுவும் இல்லை. தோட்டம் லீவு விட்டால் துணி, தண்ணீர், விறகு, ரேஷன்.

இங்கேதான் மன்னா கதையை நினைக்க வேண்டும். பாலைவனத்தில் ஆறாம் நாள் இரண்டு மடங்கு உணவு கிடைத்தது, ஏழாம் நாள் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக. சம்பளத்தோடு ஓய்வு என்பது அதுதான். கூலி பிடித்துக்கொண்டு "ஓய்வுநாளைப் பரிசுத்தமாக அனுசரி" என்பது ஏழையைப் பட்டினி போட்டுப் புண்ணியம் தேடுவது.

அப்படியானால் நம் வேலையில் இறைவன் இல்லையா? இருக்கிறார். தச்சுவேலை செய்தவரைத்தானே ஆண்டவர் என்கிறோம்? ஆனால் வேலைக்கு மரியாதை என்பது பிரசங்கத்தில் வராது. வயிறு நிறையும் கூலி, சம்பளத்தோடு ஓய்வு, பிடிக்காத வேலையை விட்டுப்போகும் சுதந்திரம், நம் பிள்ளைகளுக்கு வேறு வேலை. இவை இருந்தால்தான் வேலை செபமாகும். இவை இல்லாத இடத்தில் அதற்குப் பெயர் அடிமைத்தனம்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகும் தோழர்கள் உங்கள் பங்கில் மூன்று கேள்வி கேளுங்கள். சபை நடத்தும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் தியான இல்லத்திலும் துப்புரவு, சமையல் வேலை பார்ப்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டா? அவர்களுக்கு பி.எஃப். பிடித்துக் கட்டப்படுகிறதா? அந்த வேலைகளில் நம் சாதியைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா?

கேட்டால் "அரசியல் பேசாதே" என்பார்கள். பத்துக் கட்டளையைத்தான் கேட்கிறோம் என்று சொல்லுங்கள்.