குப்பையை அள்ளுங்கள்... படத்தில் அல்ல!

பறக்கும் பறவையைப் படமெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சாமநத்தம் கண்மாய்க்கு விடியற்காலையிலேயே போய், கொசுக்கடியில் கால் மரத்துப்போக நின்று, நாரை எழும்பும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்து மூடினால்தான் சிறகு நுனி கலங்காமல் விழும். முந்நூறு படம் எடுத்தால் மூன்று தேறும்.

அந்த மூன்றையும் கம்ப்யூட்டரில் போட்டுச் சீர்செய்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மதுரை வெயிலில் வானம் வெள்ளையாகக் கொதிக்கும். பறவையின் அடிவயிறு கறுத்துத்தான் விழும். வெளிச்சம் கூட்டுங்கள். கோணலாக இருந்தால் நிமிர்த்துங்கள். ஓரத்தை வெட்டுங்கள். டார்க் ரூம் காலத்திலும் இதையெல்லாம் செய்தார்கள். கண் பார்த்ததைக் கேமரா பிடிக்கத் தவறும்போது, அதைச் சரிக்கட்டுவது நியாயம்தான்.

என் சண்டை அதற்கு அடுத்த கட்டத்தோடு.

“கரண்ட் வயர் குறுக்கே வந்துச்சு சார், தூக்கிட்டேன். பின்னாடி ஒரே பாலித்தீன் குப்பை, அதையும் அழிச்சுட்டேன். வானம் டல்லா இருந்துச்சா, வேற வானம் வெச்சுட்டேன். எப்படி?”

எப்படியா? பொய்யாக இருக்கிறது! இந்தப் பொய்க்கு இப்போது திறமைகூடத் தேவையில்லை. வானத்தை மாற்றுவதற்கென்றே போட்டோஷாப்பில் 2020-இல் தனி வசதி வந்துவிட்டது. 2023-இல், இல்லாததை வரைந்து நிரப்பித் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்தது. ஒரு க்ளிக்... கண்மாய் சுத்தம்!

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் ‘விண்டோ டிரஸ்ஸிங்’ என்று ஒரு சமாசாரம் உண்டு. கம்பெனி உள்ளே மூழ்கிக்கொண்டிருக்கும். பேலன்ஸ் ஷீட் மட்டும் பளபளவென்று இருக்கும். பைசாவைத் தள்ளிவிட்டு முழு ரூபாயாக எழுதினால் எந்த ஆடிட்டரும் கேட்க மாட்டார். கடனையே மறைத்தால்? 2009-இல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு சந்தி சிரித்ததே, நினைவிருக்கிறதா? படத்துக்கும் அதே கணக்குதான். அடிவயிற்றுக்கு வெளிச்சம் கூட்டுவது பைசா விவகாரம். வயரை அழிப்பது கடனை மறைப்பது.

“ஒரு வயருக்கு இவ்வளவு கோபமா?” என்பீர்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் எஞ்சியிருக்கும் கானமயில்கள் மின்கம்பியில் மோதிச் சாகின்றன. அதற்காக 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அவற்றின் வாழிடங்களில் மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024-இல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. உச்ச நீதிமன்றம் வரை போன வயர், உங்கள் படத்தில் மட்டும் வெறும் கீறலா?

“ஹாபிதானே சார், அழகா இருந்தா போதாதா?” போதும், ‘இது நான் ஜோடித்த படம்’ என்று கீழே எழுதிவிட்டால். எழுதுவதில்லையே! ஸ்வீடனில் 2010-இல் அந்த நாட்டின் இயற்கைப் புகைப்படக்காரர் விருது வாங்கினார் டெர்யே ஹெல்லெஸோ. யாரோ எடுத்த லிங்க்ஸ் பூனையைத் தன் காட்டுப் படத்தில் ஒட்டியது 2011-இல் அம்பலமானது. அப்புறம் அவர் நிஜமாகவே காத்துக் கிடந்து எடுத்த படத்தை யார் நம்புவார்கள்?

சிலரிடம் பொய் கம்ப்யூட்டருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கூட்டம் பறக்க வேண்டும் என்று கல்லெறிவது, கைதட்டுவது. கூடு இருக்கும் காலத்தில் தாய்ப்பறவை எழுந்தால் முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி இருந்தால்தான் வேட்டைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

படம் சாட்சி. மதுரைக்காரர்களுக்கு இது புரிய வேண்டும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு பறக்கும் குன்றுகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்தது. சரியாக இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜெயித்தது ஜனங்களின் போராட்டம்தான். ஆனால், “இங்கே என்ன பெரிசா இருக்கு?” என்று கேட்டவர்களுக்குச் சொல்ல, கல்வெட்டும் சமணர் படுக்கையும் போக, வல்லூறும் கழுகும் இருந்தன. நாளைக்கு இன்னொருவன் கேட்பான். அப்போது நீட்டும் படத்தில் வானம் ஒட்டுப்போட்டது என்று தெரிந்தால், கழுகும் ஒட்டுப்போட்டதுதான் என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரமாகும்?

உலகனேரிக் கண்மாயில் இன்று உயர் நீதிமன்றக் கிளை நிற்கிறது, 2004-இல் திறந்தார்கள். அந்தத் தண்ணீருக்கு மேல் என்னென்ன பறந்தன என்று காட்ட உங்களிடம் எத்தனை படம் இருக்கிறது? மிச்சமிருக்கும் கண்மாய்களுக்காவது கணக்கு வேண்டாமா? நுரை பொங்கும் சாக்கடை, கொட்டிய கட்டட இடிபாடு, அதற்கு மேலே சிறகு விரித்த நத்தைகுத்தி நாரை... இதுதான் இன்றைய நிலவரம் என்றால், படத்தில் இதுதான் இருக்க வேண்டும்.

நாரையைத் தூது விட்டாரே சத்திமுத்தப் புலவர், அவர் குளிரில் நடுங்கியதும் இதே மதுரையில்தான். பெண்டாட்டிக்குச் சேதி அனுப்பும்போதுகூடத் தன் வறுமையை அவர் எடிட் செய்யவில்லை. போர்த்திக்கொள்ளத் துணியில்லாத கோலத்தை அப்படியே சொன்னார். அதனால்தான் நாரையும் நிலைத்தது, அவரும் நிலைத்தார்.

அடுத்த முறை வயர் குறுக்கே வந்தால் விட்டுவிடுங்கள். குப்பை தெரிந்தால் தெரியட்டும். தேதியும் இடமும் எழுதி, அந்தப் படத்தை மாநகராட்சிக்கு ஒரு பிரதி, கலெக்டருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அள்ள வேண்டியவர்கள் அள்ளட்டும். நீங்கள் ஏன் மவுஸைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வேலையைச் செய்கிறீர்கள், அதுவும் சம்பளம் இல்லாமல்?