கனவான்களுக்குக் கைதட்டுவதை நிறுத்துங்கள்

(முன்னெச்சரிக்கை: படத்தின் கதை முழுவதும் கீழே உடைக்கப்பட்டிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம். இரண்டு மணி நேரம்கூட ஓடாது.)

ழான் ரெனுவார் 1937-இல் எடுத்த ‘லா கிராந்த் இல்யூஸியோன்’ (பெரும் மாயை) படத்தைப் பற்றி யார் எழுதினாலும் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும். “வில்லனே இல்லாத போர்ப்படம்.” “எதிரிகளுக்குள்ளும் மனிதம்.” “அந்தக் காலத்து ராணுவ அதிகாரிகளின் பெருந்தன்மை இன்று எங்கே?” ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். முடிந்தது விமர்சனம்.

முதல் இரண்டையும் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். மூன்றாவதை விட முடியாது. அந்தப் பெருந்தன்மையைத்தான் படம் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறது. விசாரிக்கப்படுகிற ஆளுக்கே மாலை போட்டுவிட்டு வருவதற்குப் படத்தைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக... முதல் உலகப்போர். பிரெஞ்சு விமானம் ஒன்றை ஜெர்மானிய விமானி ரவுஃபன்ஸ்டைன் சுட்டு வீழ்த்துகிறார். அதில் இருந்தவர்கள் இரண்டு பேர். கேப்டன் போல்தியூ, பரம்பரைப் பிரபு. லெப்டினன்ட் மரெஷால், போருக்கு முன்னால் மெக்கானிக். சுட்ட கையோடு இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார் ரவுஃபன்ஸ்டைன். அப்புறம் முகாம். அங்கே பணக்கார யூத வங்கிக் குடும்பத்துப் பிள்ளை ரோசந்தால் சேர்ந்துகொள்கிறார். கஷ்டப்பட்டுச் சுரங்கம் தோண்டுகிறார்கள். தப்பிக்கிற நேரம் பார்த்து வேறு முகாமுக்கு மாற்றிவிடுகிறார்கள். கடைசியில் வந்து சேருமிடம் வின்டர்ஸ்போர்ன் என்ற மலைக்கோட்டைச் சிறை. அங்கே கமாண்டன்ட் அதே ரவுஃபன்ஸ்டைன்! போரில் உடம்பு நொறுங்கி, கழுத்தில் பட்டை கட்டி, பறக்க முடியாமல் சிறைக்காவலுக்கு வந்திருக்கிறார்.

எல்லோரும் உருகுகிற அந்த ‘நட்பு’ இங்கேதான் வருகிறது. ரவுஃபன்ஸ்டைனும் போல்தியூவும் ஒரே வர்க்கம். பொதுவான அறிமுகங்கள், பாரிஸின் ஒரே ஆடம்பர விடுதி, ஒரே மாதிரி வளர்ப்பு. பேச்சு நடுவில் இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ஆகா, தேசம் கடந்த பிணைப்பு என்று சிலாகிக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். முதல் முகாமை விட்டுப் போகும்போது, புதிதாக வந்து இறங்கும் ஆங்கிலேய அதிகாரியிடம் அறைக்குள் சுரங்கம் இருக்கிறது என்று மரெஷால் சொல்லப் பார்க்கிறார். இவருக்கு ஆங்கிலம் வராது, அவருக்குப் பிரெஞ்சு புரியாது. அத்தனை உழைப்பும் மண்ணுக்குள்ளேயே போகிறது. பிரபுக்கள் இருவரும் அரட்டைக்குப் பயன்படுத்துகிற அதே ஆங்கிலம், ஒரு மெக்கானிக்குக் கிடைக்காததால் ஒரு கூட்டமே தப்பிக்கும் வழியை இழக்கிறது. இந்த இரண்டையும் ரெனுவார் ஒரே படத்தில் சும்மா வைக்கவில்லை. பிரபுக்களின் ஆங்கிலம் பாலம் கிடையாது, வேலி.

அடுத்தது சோதனைக் காட்சி. கைதிகளின் அறையைக் குடைகிறார்கள். போல்தியூவிடம் மட்டும் ரவுஃபன்ஸ்டைன் வாக்குக் கேட்கிறார். அறைக்குள் விதிக்குப் புறம்பாக எதுவும் இல்லை என்று அவர் வாக்குக் கொடுத்தால் போதும். போல்தியூவும் கொடுக்கிறார். தப்பிப்பதற்கான கயிறு ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அறைக்குள் இல்லையே! எழுத்துப்படி பொய் இல்லை. மற்றவர்களிடம் ஏன் வாக்குக் கேட்கவில்லை என்று போல்தியூ கேட்க, ஒரு மரெஷாலின் வாக்கா, ஒரு ரோசந்தாலின் வாக்கா என்று இளப்பமாகப் பதில் வருகிறது. நம் வாக்குக்கு அது குறைந்ததல்ல என்கிறார் போல்தியூ.

படத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. ரவுஃபன்ஸ்டைன் வில்லன் இல்லைதான். மரியாதை தெரிந்தவர், சோகமானவர், கோட்டையிலேயே ஒரே ஒரு பூச்செடியை வளர்க்கிறவர். ஆனால் அவருடைய மரியாதை தன்னைப் போன்றவர்களுக்கு மட்டும். மற்றவர்களை அவர் மனிதர்களாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. இதைப் பெருந்தன்மை என்று கொண்டாடுகிறவர்கள், அந்தக் காலத்தில் தாங்கள் பிறந்திருந்தால் மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்போம் என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

போல்தியூ ஏன் உயர்ந்தவர்? பிரபுவாகப் பிறந்ததால் இல்லை, பிரபுக்களின் கட்சியை விட்டு விலகியதால். மரெஷாலும் ரோசந்தாலும் தப்பிப்பதற்காகத் தான் காவலர்களைத் திசை திருப்புவதாக ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அவர் மாறிவிடவில்லை. திட்டத்தை மரெஷாலிடம் பேசும்போது வெள்ளைக் கையுறைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றரை வருடம் ஒன்றாக இருந்தும் இன்னும் ‘நீங்கள்’ என்றுதானே கூப்பிடுகிறோம் என்று மரெஷால் வருத்தப்பட, என் அம்மாவையும் மனைவியையும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறேன் என்று பதில் சொல்கிறார். ‘நீ’ போட்டுப் பேசக்கூட முடியாத ஒருவர் அவர்களுக்காக உயிரைக் கொடுக்கிறார். பாசத்தினால் செய்திருந்தால் இதில் பெரிதாக ஒன்றுமில்லை. அவர்களிடம் பெரிய ஒட்டுதல் இல்லாமலே, எது நியாயம் என்று பார்த்துச் செய்கிறார்.

கோட்டைச் சுவரில் ஏறிப் புல்லாங்குழல் வாசிக்கிறார் போல்தியூ. கீழே இறங்கிவிடும்படி ரவுஃபன்ஸ்டைன் ஆங்கிலத்தில் கெஞ்சுகிறார். இவர் மறுக்கிறார். அவர் சுடுகிறார். காலைக் குறிவைத்த குண்டு வயிற்றில் பாய்கிறது. சாகும் படுக்கையில் இருப்பவர், உங்கள் இடத்தில் நானும் இதைத்தான் செய்திருப்பேன் என்று கொன்றவரையே தேற்றுகிறார். அந்த ஒரே பூவைக் கத்தரித்து எடுக்கிறார் ரவுஃபன்ஸ்டைன். அழுகை வருகிற காட்சிதான். ஆனால் அழுதுகொண்டே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நண்பனைச் சுட வைத்தது வெறுப்பு இல்லை, கடமை. விதிப்படி எல்லாம் சரி. ஒரு உயிர் போய்விட்டது.

விதியை மீறுகிற ஒரு ஜெர்மானியரும் படத்தில் உண்டு. அவரை யாரும் விமர்சனத்தில் எழுதுவதில்லை. முதல் முகாமில் தனிமைச் சிறையில் கிடந்து புத்தி பேதலிக்கும் நிலைக்குப் போன மரெஷாலிடம் ஒரு வயதான காவலர் வந்து சிகரெட் தருகிறார், ஒரு மவுத் ஆர்கனை விட்டுவிட்டுப் போகிறார். அந்தக் காவலருக்குப் பரம்பரையும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. எதிரிக்குள் மனிதம் தேடுகிறவர்கள் அவரைத் தேடியிருக்கலாம்.

தப்பித்த பிறகு வருவது இன்னும் கடினமான காட்சி. பசி, குளிர், ரோசந்தாலின் கால் சுளுக்கிவிட்டது. ஆத்திரத்தில் மரெஷால், யூதர்களையே தனக்கு எப்போதும் பிடிக்காது என்று கத்திவிட்டுத் தனியே நடக்கிறார். ரோசந்தால் பாறையில் உட்கார்ந்து கோபத்தில் உரக்கப் பாடுகிறார். போகிறவரும் அதே பாட்டை முணுமுணுக்கிறார். பாட்டு நிற்கிறது. மரெஷால் திரும்பி வந்து நிற்கிறார். மன்னிப்பு வசனம் கிடையாது. போல்தியூவின் தியாகத்துக்காவது கோட்டை முழுக்கப் பார்வையாளர்கள் இருந்தார்கள். இங்கே யாரும் இல்லை. விட்டுவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நல்லவன் வெறுப்பே இல்லாதவன் என்று ரெனுவார் பொய் சொல்லவில்லை. வெறுப்பைக் கக்கியவன் திரும்பி வர முடியும் என்கிறார்.

இந்தக் காட்சிக்கு 1937-இல் என்ன அர்த்தம்? அதற்கு முந்தைய வருடம்தான் லியோன் பிளம் பிரான்ஸின் முதல் யூதப் பிரதமரானார். அவர் மீது பொழியப்பட்ட இன வெறுப்புக்கு அளவே இல்லை. அந்தச் சூழலில் ஒரு யூதரைப் பிரெஞ்சு ராணுவ உடையில், வீட்டிலிருந்து வரும் உணவை எல்லோருக்கும் பகிர்கிறவராக, நண்பராகத் திரையில் காட்டினார்கள். அது யாரை உறுத்த வேண்டுமோ அவர்களைச் சரியாக உறுத்தியது. எழுத்தாளர் செலின் அதே ஆண்டு வெளியிட்ட யூத வெறுப்பு நூலில் இந்தப் படத்தைத் தாக்கினார். ஜெர்மனியும் இத்தாலியும் படத்தைத் தடை செய்தன. ‘எல்லோரும் நல்லவர்கள்’ என்று சொல்லும் சாதுவான படத்தை யாராவது தடை செய்வார்களா? ரோசந்தாலாக நடித்த மார்செல் தாலியோ நிஜத்திலும் யூதர். 1940-இல் பிரான்ஸை விட்டுத் தப்பி ஓடினார். யூதன் இப்படித்தான் இருப்பான் என்று காட்ட நாஜிகள் சுவரொட்டியில் ஒட்டியது அவர் முகத்தை. அவருடைய பெற்றோர் வதைமுகாமில் இறந்தார்கள்.

படத்தில் குறையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இது அதிகாரிகளின் முகாம். 1907 ஹேக் உடன்படிக்கைப்படி கைதியான அதிகாரிகளை வேலை வாங்கக் கூடாது, சாதாரண சிப்பாய்களை வாங்கலாம். அந்தச் சிப்பாய்களின் முகாம் எப்படி இருந்தது என்பதைப் படம் காட்டவே இல்லை. வின்டர்ஸ்போர்னில் ஒரு கறுப்பினக் கைதி தான் வரைந்த ஓவியத்தை நீட்டுகிறார். ‘குற்றத்தைத் துரத்தும் நீதி’ என்பது அதன் தலைப்பு. மற்றவர்கள் அரைக்கண்ணால் பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ரெனுவார் அந்த அலட்சியத்தைத் தெரிந்தேதான் வைத்தாரா, இல்லை படமும் அவரை மறந்துவிட்டதா என்று சண்டை போடலாம். அது உருப்படியான சண்டை. “அந்தக் கால அதிகாரிகள்தான் என்ன கம்பீரம்” என்பதைவிட ஆயிரம் மடங்கு உருப்படியானது.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. படம் வந்து இரண்டே வருடத்தில் அடுத்த உலகப்போர் வந்துவிட்டது, ஆகவே ரெனுவாரின் நம்பிக்கைதான் பெரிய மாயை என்பார்கள். இதைச் சொல்கிறவர்கள் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்து போனவர்கள். ஸ்விட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், இந்தப் போரே கடைசிப் போராக இருக்கட்டும் என்கிறார் மரெஷால். அது உன் மாயை என்று அங்கேயே ரோசந்தால் சொல்லிவிடுகிறார். எல்லையைத் தாண்டினால் இருவரும் திரும்பிப் போகப்போவது மறுபடி சண்டைக்குத்தான். அதுவும் வசனத்திலேயே இருக்கிறது. போர் நிற்கும் என்று இந்தப் படம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அது கேட்பது வேறு. விதி ஒரு பக்கம், பக்கத்தில் நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒரு பக்கம். எந்தப் பக்கம் போவது? ரவுஃபன்ஸ்டைன் ஒரு பதில் சொன்னார், மரெஷால் ஒரு பதில் சொன்னார். அடுத்த முறை நட்சத்திரம் போடும்போது யாருடைய பதிலுக்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.